சுண்ணமும் நரம்பும்

வெற்றிலை போடும் பெரியோர் சுண்ணாம்பைக் கையாளும் முறை காணத்தக்கது. பாக்கை அள்ளிப் போடுவர். வெற்றிலையை அடுக்காக எடுப்பர். சுண்ணாம்பை மட்டும் விரல் நுனியால் தொட்டு, இலையின் முதுகில் மெல்லத் தடவுவர். அது குறைந்தால் வாய் சிவப்பதில்லை. சற்று மிகுந்தாலோ நாக்கு வெந்து போகும். அந்தச் சுண்ணாம்பில் அடங்கியுள்ள உலோகத்திற்குக் கால்சியம் என்பது பெயர். மனித உடலும் அதனை இவ்வாறே அளவறிந்து கையாள்கின்றது. ஆயினும், உடல் காட்டும் அளவுணர்ச்சியோடு ஒப்பிட்டால், வெற்றிலை போடுவோரின் விரல் நுனி மிகவும் பரும்படியானது என்றே சொல்லுதல் வேண்டும்.

வளர்ந்த மனிதன் ஒருவனது உடலில் ஏறத்தாழ 1 கிலோகிராம் கால்சியம் உண்டு. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் கட்டுண்டு கிடக்கின்றது. அது வீட்டுச் சுவரில் பூசிய சுண்ணாம்பு போன்றது. அசையாமல் நின்று வலிமை தருவது. எஞ்சிய ஒரு பங்குதான் குருதியிலும் தசையிலும் நரம்பிலும் நடமாடுகின்றது. சுவரில் உள்ள சுண்ணாம்பை எல்லோரும் அறிவர். நடமாடும் சுண்ணத்தை உலகம் அறிந்துகொண்டதோ ஒரு பிழையால்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இலண்டன் மாநகரில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிகளைக் காண்பது அவர் தொழில். எஞ்சிய நேரத்தை ஆய்வுக்கூடத்தில் கழிப்பது அவர் விருப்பம். தவளையின் இதயத்தை உடலினின்றும் பிரித்தெடுத்து, அதற்கு உப்பு நீரை ஊட்டி, அது எவ்வளவு நேரம் துடிக்கின்றது என்று அவர் ஆராய்ந்து வந்தார். சோற்றுப்பைக் கரைத்த நீரிலேயே இதயம் நெடுநேரம் துடித்தது. 1882இல் அந்த ஆய்வின் முடிவை அவர் வெளியிட்டார்.

பின்னர் அதே ஆய்வைச் செய்தபோது, இதயம் துடிப்புக் குன்றி விரைவில் நின்றுவிட்டது. உப்பு மாறவில்லை, அளவு மாறவில்லை, தவளையும் அதே இனத்தது. இதயம் மட்டும் துடிக்க மறுத்தது. காரணத்தைத் துருவிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. முன்பு உப்பைக் கரைக்கப் பயன்பட்டது காய்ச்சி வடித்த தூய நீர் அன்று; குழாய் நீர்! வெறும் உப்பு நீருக்கு இத்துணைப் பாடு எதற்கு என்று எண்ணிய ஏவலாளர் ஒருவர், குழாயைத் திறந்து பிடித்து வைத்துவிட்டார் என்பர். நகரின் அப்பகுதிக்கு நீர் வழங்கியது, 1613இல் வெட்டி முடிக்கப்பட்ட நியூ ரிவர் என்னும் கால்வாய். ஹார்ட்போர்டுசயர் மாவட்டத்துச் சுண்ணப்பாறை ஊற்றுகளினின்றும் அது நீரைக் கொணர்ந்தது. பாறையிற் கசிந்து வந்த அந்நீரில் கால்சியம் கலந்திருந்தது. இதயத்தைத் துடிக்க வைத்தது அதுவே.

1883இல் ரிங்கர் மற்றொரு கட்டுரை எழுதினார். தாம் முன்பு பயன்படுத்தியது குழாய் நீர் என்பதையும், அஃது எந்த நிறுவனம் வழங்கிய நீர் என்பதையும் அவர் அதில் மறையாது குறித்தார். பிழையை ஒப்புக்கொள்ள நாணியிருந்தால், மருத்துவ உலகம் இன்னும் எத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திருக்குமோ! மருத்துவமனைகளில் நோயாளியின் கைந்நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படும் நீர்மங்களுள் ஒன்று இன்றும் ரிங்கரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதில் சிறிதளவு கால்சியமும் உண்டு.

இதயத்தில் கண்ட இவ்வுண்மை நரம்பிலும் விளங்குவதற்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் சென்றன. நரம்பணு என்பது கிளையும் வேரும் பரப்பிய மரம் போன்றதோர் உயிரணு. பெரும்பாலும், ஒரு நரம்பணுவின் வேர்நுனி அடுத்ததைத் தொடுவதில்லை. இரண்டிற்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய இடைவெளி உண்டு. மின்துடிப்பாக ஓடிவரும் செய்தி அவ்விடைவெளியைத் தாண்டமாட்டாது கரையிலேயே நின்றுவிடும். ஆங்கே ஓடம் வேண்டும். வேர்நுனியில் நுண்ணிய பைகளில் நிரம்பியிருக்கும் வேதிப்பொருள்களே அவ்வோடம். பை திறந்தால் பொருள் வெளிப்பட்டு அக்கரை சேரும். பையைத் திறக்கும் ஆணை யாருடையது?

ரிங்கர் பணியாற்றிய அதே பல்கலைக்கழகக் கல்லூரியைச் சார்ந்தவர் பெர்னார்டு காட்ஸ் என்பவர். செருமனியில் பிறந்து, 1935இல் அந்நாட்டைவிட்டு வெளியேறி, இங்கிலாந்தில் குடிபுகுந்தவர். அவரும் ரிக்கார்டோ மிலெடி என்பவரும் 1960களில், தவளையின் தசையிற் சென்று முடியும் நரம்பை ஆராய்ந்தனர். சுற்றியுள்ள நீர்மத்தில் கால்சியம் இல்லாதபோது, மின்துடிப்பு வேர்நுனிவரை வந்தது. செய்தி மட்டும் தசையை அடையவில்லை. மயிரினும் நுண்ணிய கண்ணாடிக் குழலின் வழியே அவ்விடத்தில் சிறிது கால்சியத்தைச் செலுத்தியதும் செய்தி கடந்தது. துடிப்பு வந்தவுடன் வேர்நுனியின் சவ்வில் உள்ள நுண்வாயில்கள் திறக்கின்றன, வெளியிலுள்ள கால்சியம் உட்புகுகின்றது, பைகள் திறக்கின்றன. இவ்வளவும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் நடந்து முடிகின்றன. வேதிப்பொருள் வெளிப்படும் முறையை விளக்கியமைக்காகக் காட்ஸ் 1970ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பிறர் இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

ஆகவே, நரம்பணுவிற்குள் கால்சியம் ஒரு தூதுவன். தூதுவனின் சொல் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், அரசவை அமைதியாக இருத்தல் வேண்டும். அமைதியாகவே இருக்கின்றது. நரம்பணுவுக்கு வெளியே உள்ள கால்சியத்தின் செறிவை 10,000 என்று கொண்டால், உள்ளே ஓய்வு நிலையில் இருப்பது ஏறத்தாழ 1 மட்டுமே. வாயிலுக்கு வெளியே பெருங்கூட்டம், உள்ளே வெறுமை. அதனால்தான், வாயில் இமைப்பொழுது திறந்து சிலர் நுழைந்தாலும், உள்ளே அது பெருஞ்செய்தியாகின்றது.

இவ்வெறுமைக்கு வேறொரு காரணமும் உண்டு. உயிரணு தன் ஆற்றலைப் பாசுபேட்டு என்னும் பொருளைக் கொண்டே சேமிக்கின்றது. கால்சியமும் பாசுபேட்டும் மிகுதியாகக் கூடினால் கல்லாகிவிடும். எலும்பு உருவாவது அவ்வகையாலேயே. உயிரணு எலும்பாகாமல் இருக்க வேண்டுமானால், கால்சியத்தை வெளியே நிறுத்தத்தான் வேண்டும்.

வெளியே நிறுத்துவது எளிதா? பதினாயிரம் மடங்கு செறிவு எப்பொழுதும் உள்ளே புக முட்டிக்கொண்டே இருக்கின்றது. ஓட்டைப் படகில் அமர்ந்து ஓயாமல் நீரை இறைப்பவனைப் போல, நரம்பணு உட்புகுந்த கால்சியத்தை அப்போதைக்கப்போது வெளியேற்றுகின்றது. அதன் சவ்வில் இறைப்பான்களாக அமைந்த புரதங்கள் உள்ளன. உட்புறத்தே வலைபோல் பின்னிக் கிடக்கும் களஞ்சியம் ஒன்றும் உண்டு. எஞ்சியதை அது வாங்கி அடைத்து வைக்கும். நரம்பணுவின் உலைக்களமாகிய மைட்டோகாண்டிரியாவும் நெருக்கடியில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்ளும். கால்சியத்தைக் கண்டவுடன் பற்றிக்கொள்ளும் புரதங்கள் சிலவும் உள்ளே உலவுகின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் கால்பைண்டின். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னர் வேண்டியிருக்கும். இக்காவலுக்கெல்லாம் ஆற்றல் செலவாகின்றது. உடலின் எடையில் நூற்றுக்கு 2 பங்கே ஆன மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் நூற்றுக்கு 20 பங்கைத் தானே எடுத்துக்கொள்வது, இத்தகைய ஓயாப் பணிகளால்தான்.

இதைப் படிப்போர் சிலர், பாலும் கேழ்வரகும் உண்டால் நரம்புக்குள் சுண்ணம் மிகுந்துவிடுமோ என்று அஞ்சக்கூடும். அவ்வச்சம் வேண்டுவதில்லை. குருதியில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உடல் தானே கணக்குப் பார்த்துக்கொள்கின்றது. குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்தும், மிகுந்தால் எலும்பிற் சேர்த்தும் சிறுநீரில் கழித்தும் நேர்செய்கின்றது. நோய்க்குக் காரணம் வெளியே உள்ள கால்சியம் அன்று. உள்ளே நிற்கும் காவலர் தளர்வதே.

காவலர் தளர்ந்தால் என்ன ஆகும்? உட்புகுந்த கால்சியம் சொல்லிவிட்டுப் போகும் தூதுவனாக இராமல், குடியேறிய பகைவனாகின்றது. உயிரணுவுக்குள் கால்பெயின் என்னும் நொதி உண்டு. கால்சியம் தொட்டால் விழித்துப் புரதங்களை வெட்டுவது அதன் வேலை. அளவோடு வெட்டினால் அது சீரமைப்பு. அளவு மீறினால், நரம்பணுவைத் தாங்கி நிற்கும் தூண்களையே அறுத்துவிடும். மைட்டோகாண்டிரியாவோ கால்சியத்தை விழுங்கி விழுங்கி, ஒரு நிலையில் தாங்கமாட்டாது அதன் சவ்வு திறந்துகொள்ளும். உலை அணைந்தால் இறைப்பான்களுக்கு ஆற்றல் இல்லை. இறைப்பான் நின்றால் கால்சியம் இன்னும் புகும். ஒன்றையொன்று வளர்க்கும் கேடு இது.

1969இல் ஜான் ஓல்னி என்னும் அமெரிக்க அறிஞர், பிறந்து சில நாளே ஆன சுண்டெலிகளின் உடலில் குளுட்டமேட் என்னும் பொருளை மிகுதியாகச் செலுத்தினார். குளுட்டமேட், மூளையில் நரம்பணுக்கள் ஒன்றையொன்று கிளர்ச்சியுறச் செய்யப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களுள் தலையாயது. அவ்வெலிகளின் மூளையில் ஒரு பகுதியின் நரம்பணுக்கள் சில மணி நேரத்தில் மடிந்தன. கிளர்ச்சியே நஞ்சாயிற்று என்று ஓல்னி உணர்ந்தார். 1985இல் டென்னிஸ் சாய் என்பவர், கண்ணாடித் தட்டில் வளர்த்த நரம்பணுக்களைக் கொண்டு அடுத்த உண்மையைக் காட்டினார். சுற்றியுள்ள நீர்மத்தில் கால்சியம் இல்லையாயின், குளுட்டமேட்டால் நேரும் அழிவு பெரிதும் குறைந்தது. வாளைப் பிடித்த கை குளுட்டமேட், வாள் கால்சியம்.

எலிகளுக்குச் சில மணி நேரத்தில் நேர்ந்தது, முதியோர் சிலரின் மூளையில் பல்லாண்டுகளாக மெல்ல மெல்ல நேர்கின்றது என்று அறிஞர் ஐயுறத் தொடங்கினர். நினைவை அழிக்கும் அல்சைமர் நோயைப் பற்றி இவ்வையத்தை 1980களில் ஒரு கொள்கையாகவே வகுத்தவர் சாவன் கச்சட்டூரியன். 1906இல் அலோயிஸ் அல்சைமர் என்னும் செருமானிய மருத்துவர், தம் பார்வையில் இருந்து இறந்த பெண் ஒருவரின் மூளையை ஆராய்ந்து இந்நோயின் அடையாளங்களை எடுத்துரைத்தார். 1901இல் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டபோது அப்பெண்ணுக்கு வயது 51. நோய் இளமையிலேயே பற்றும் குடும்பங்கள் சில உலகில் உண்டு. அவர்களிடம் பழுதுற்றிருக்கும் மரபுக்கூறுகள் சில 1995இல் கண்டறியப்பட்டன. அவை ஆக்கும் புரதம் எங்கே இருக்கின்றது? கால்சியத்தை அடைத்து வைக்கும் அந்த உட்களஞ்சியத்தின் சவ்வில்! புரதம் பழுதுற்றால், களஞ்சியம் கால்சியத்தைச் சிந்தும் முறையும் மாறுகின்றது. இம்மாற்றம் நோயின் காரணமா, விளைவா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. கால்சியத்தை உள்ளே விடும் ஒருவகை வாயிலைச் சற்றே அடைக்கும் மெமண்டின் என்னும் மருந்து, இந்நோய்க்காக அமெரிக்காவில் 2003இல் ஒப்புதல் பெற்றது. அறிகுறிகளை அது ஓரளவு தணிக்கும், நோயை நிறுத்தாது.

கைகால்களை இயக்கும் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக அழிக்கும் நோய் ஒன்றும் உண்டு. இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்கிற்கு 1963இல் கண்டறியப்பட்டு, 2018இல் அவர் மறையும்வரை உடன் இருந்தது அதுவே. அந்நோயில் வியப்பான செய்தி ஒன்று காணப்படுகின்றது. கை ஓய்கின்றது; கால் ஓய்கின்றது; நா ஓய்கின்றது; கண்மணிகள் மட்டும் பெரும்பாலும் கடைசிவரை அசைகின்றன. பேச்சிழந்த நோயாளி, பலகையில் எழுதிய எழுத்துகளைக் கண்ணால் ஒவ்வொன்றாகச் சுட்டித் தம் மனத்தைத் தெரிவிப்பது இதனாலேயே இயல்கின்றது. கண்ணை இயக்கும் நரம்பணுக்களில் கால்பைண்டினும் அதுபோன்ற பிற புரதங்களும் மிகுதியாக உள்ளன; கைகால்களை இயக்குவனவற்றில் அவை அருகிக் காணப்படுகின்றன. கண் தப்புவதற்கு இஃது ஒரு காரணமாகலாம் என்பது அறிஞர் கருத்து.

இனி, கால்சியத்தின் கதை மிகத் தெளிவாக விளங்கும் நோய்க்கு வருவோம். 1817இல், இலண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்து வந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவர் நடுக்குவாதத்தைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் ஆறு நோயாளிகளை அவர் வருணிக்கின்றார். அவர்களுள் சிலரை அவர் மருத்துவமனையிற் கண்டாரல்லர். தெருவில் நடந்து போகக் கண்டவர். முன்புறம் குனிந்து, கை நடுங்க, தடுக்கி விழுவார்போல விரைந்து நடந்த அம்மனிதர்களை அவர் கண் தப்பவிடவில்லை. நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

மூளையின் அடித்தண்டின் மேற்பகுதியில் கருநிறமான சிறு பகுதி ஒன்று உண்டு. அதன் நரம்பணுக்கள் டோபமீன் என்னும் பொருளை ஆக்கி, உடலின் அசைவைச் சீராக்குகின்றன. நடுக்குவாதத்தில் மடிவன பெரும்பாலும் இவையே. இவற்றின் வாழ்க்கை கடினமானது. எலியின் மூளையில் இத்தகைய ஒரே நரம்பணுவின் வேர்க்கிளைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் ஏறத்தாழ அரை மீட்டர் நீளும். எலியின் உடலையே விஞ்சும் நீளம்! அன்றியும், மற்ற நரம்பணுக்கள் பெரும்பாலும் ஏவினால் துடிப்பன. இவையோ இதயத்தைப்போல ஏவுவாரின்றித் தாமே நொடிக்குச் சில முறை துடித்துக்கொண்டிருக்கின்றன. பகலும் இரவும் அத்துடிப்பு ஓய்வதில்லை. சிக்காகோ பகுதியில் உள்ள வடமேற்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜேம்ஸ் சர்மியர் என்பவரும் அவர்தம் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இத்துடிப்பின் விலையைக் காட்டிற்று. ஒவ்வொரு துடிப்பிலும் இந்நரம்பணுக்கள் கால்சிய வாயிலைத் திறக்கின்றன. ஒவ்வொரு முறையும் புகுந்ததை இறைத்தாக வேண்டும். பற்றிப் பிடிக்கும் கால்பைண்டினோ இவற்றிற் பெரும்பாலானவற்றில் அரிது. உலைக்களம் ஓயாது எரிகின்றது. எரியும் உலையின் கரியும் புகையும் நாள்தோறும் உள்ளேயே படிகின்றன. ஆண்டுகள் 60, 70 என ஏறும்போது இவை முதலில் வீழ்வதில் வியப்பு என்ன? அண்டையிலேயே டோபமீன் ஆக்கும் வேறு நரம்பணுக்கள் உள்ளன. கால்பைண்டின் மிகுந்த அவை பெரிதும் தப்பி நிற்கின்றன.

இவ்விடத்தில் ஒரு நம்பிக்கை பிறந்தது. அந்த வாயிலை அடைக்கும் மருந்து புதிதாகத் தேடப்பட வேண்டியதன்று. இஸ்ராடிபின் என்னும் அம்மருந்து, இரத்தக் கொதிப்புக்காக முன்னரே வழக்கில் இருந்தது. சர்மியர் குழுவினர் அதனைச் சுண்டெலிகளின் நரம்பணுக்களுக்குக் கொடுத்தபோது, அவை கால்சியத்தைக் கைவிட்டு, இளம் எலிகளின் நரம்பணுக்களைப்போல வேறு வழியாற் துடிக்கத் தொடங்கின, நஞ்சையும் தாங்கின. மலிவான மாத்திரை ஒன்று நடுக்குவாதத்தின் நடையைத் தளர்த்திவிடுமானால், அதைவிட வேறென்ன வேண்டும்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் 50க்கு மேற்பட்ட மருத்துவ நிலையங்களில், நோய் தொடங்கிய நிலையில் இருந்த 336 பேர் சோதனைக்கு முன்வந்தனர். பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் இஸ்ராடிபின். மறுபாதிப் பேருக்கு, பார்வைக்கு அதைப்போன்றே இருக்கும் மருந்தில்லா மாத்திரை. எது எவருக்கு என்பதை உண்பவரும் அறியார். கொடுக்கும் மருத்துவரும் அறியார். 36 மாதங்கள் அவர்கள் மாத்திரை உண்டனர். குறித்த நாளில் வந்து, விரலைத் தட்டிக் காட்டியும் நடந்து காட்டியும் மருத்துவரின் அளவைக்கு உட்பட்டனர். 2020இல் முடிவு வெளியாயிற்று. இரு பிரிவினரின் நோயும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்ந்திருந்தது.

எலியிற் பலித்தது மனிதனிடம் பலிக்கவில்லை. நோய் வெளிப்படும் நாளிலேயே அக்கருநிறப் பகுதியின் நரம்பணுக்களில் பெரும்பங்கு மடிந்துவிட்டிருக்கும். மருந்து காலம் கடந்து வந்தது என்றனர் சிலர். அளவு போதவில்லை என்றனர் வேறு சிலர். அளவைக் கூட்டலாகாதோ என்றால், அதற்கும் தடை உண்டு. நரம்பணுவின் அந்த வாயிலுக்குக் குருதிக் குழாய்களிலும் இதயத்திலும் உடன்பிறப்பு ஒன்று இருக்கின்றது. இஸ்ராடிபின் இரண்டையும் அடைக்கும். அளவு மிகுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து நோயாளி மயங்கி வீழ்வார். ரிங்கரின் தவளை இதயத்தைத் துடிக்க வைத்த அதே கால்சியம், மனித இதயத்திற்கும் வேண்டுமன்றோ? நரம்பின் வாயிலை மட்டும் அடைத்து, இதயத்தின் வாயிலைத் திறந்தே விடும் மருந்து ஒன்றை ஆய்வாளர் தேடி வருகின்றனர். இரண்டு வாயில்களும் அச்சில் வார்த்தாற்போல ஒத்திருப்பதால், அத்தேட்டம் எளிதாக இல்லை.